உயரமான பிக்கப்பின் பின்னால் ஃபிஃப்த் வீல் டிரெய்லரை மட்டமாக இழுத்துச் செல்ல: ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவிலோ கனடாவிலோ சில ஆண்டுகள் பழைய ஃபிஃப்த் வீல் டிரெய்லர் ஒன்றை, அதாவது பிக்கப்பின் பெட்டிக்குள் மாட்டி இழுத்துச் செல்லும் நகரும் வீடு ஒன்றை, வாங்கி, அதைப் புதிய நான்கு சக்கர இயக்கப் பிக்கப்பில் மாட்டிவிட்டுச் சற்றுத் தள்ளி நின்று பார்ப்பவருக்கு முதலில் கண்ணில் படுவது, டிரெய்லரின் மூக்கு மேலே நிமிர்ந்து வால் தரையை நோக்கித் தாழ்ந்திருப்பதுதான். முக்கால் டன், ஒரு டன் என்று வகை பிரிக்கப்படும் கனரகப் பிக்கப்புகள் தலைமுறைக்குத் தலைமுறை உயர்ந்துகொண்டே வந்திருக்கின்றன; பின்பெட்டியின் பக்கச் சுவர்களும் அவற்றோடு சேர்ந்து உயர்ந்துவிட்டன. டிரெய்லர்களின் உயரமோ, பாலங்களின் அடியில் நுழைந்து செல்ல வேண்டிய கட்டாயத்தால், அதே வேகத்தில் உயர முடியவில்லை. இந்த இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டைச் சரிசெய்வதே இவ்வழிகாட்டியின் பொருள். முகாமுக்குப் போய்ச் சேர்ந்தபின் கட்டைகளை வைத்து டிரெய்லரை மட்டம் செய்வது முற்றிலும் வேறு வேலை. இங்கே பேசப்படுவது சாலையில் ஓடும்போது இருக்க வேண்டிய மட்டம்.

சரிவால் என்ன கெடுகிறது

டிரெய்லரின் முன்பகுதியிலிருந்து கீழே நீளும் பின் பாக்ஸ் (pin box) என்னும் இரும்புக் கூட்டின் முனையில் கிங்பின் என்னும் இணைப்பு முளை இருக்கிறது. அது பிக்கப்பின் பெட்டியில், பின் அச்சுக்கு நேர் மேலேயோ சற்று முன்னாலோ பொருத்தப்பட்ட ஹிட்ச் என்னும் இணைப்புக் கருவியின் தாடைக்குள் பூட்டிக்கொள்கிறது. டிரெய்லரின் மொத்த எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இந்தக் கிங்பின் வழியாகப் பிக்கப்பின் மேல் இறங்குகிறது. மீதியை டிரெய்லரின் இரண்டு அச்சுகளும் பகிர்ந்து சுமக்கின்றன. அந்தப் பகிர்வைச் சமப்படுத்துவது, முன் அச்சின் லீஃப் ஸ்பிரிங்குக்கும் (எஃகுப் பட்டைகளை அடுக்கிய வில்) பின் அச்சின் லீஃப் ஸ்பிரிங்குக்கும் நடுவே தராசுக்கோல் போல ஆடும் ஈக்வலைசர் என்ற சிறு இரும்புத் துண்டு.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். கிங்பின்னிலிருந்து இரண்டு அச்சுகளின் நடுப்புள்ளி வரை 22 அடி, அதாவது 264 அங்குலம் என்று கொள்வோம். கிங்பின் இருக்க வேண்டிய உயரத்தைவிட 4 அங்குலம் மேலே இருந்தால், 34 அங்குல இடைவெளியில் அமைந்த இரண்டு அச்சுகளுக்கும் மேலே சட்டகத்தின் உயர வேறுபாடு அரை அங்குலம் மட்டுமே. லீஃப் ஸ்பிரிங்கின் ஒரு முனை நிலையாக நிற்பதால், ஈக்வலைசரின் முனைகள் அச்சின் அசைவைப்போல் இருமடங்கு அசைந்து, ஒரு பக்கம் அரை அங்குலம் கீழேயும் மறுபக்கம் அரை அங்குலம் மேலேயும் சென்று இதை ஈடுகட்டிவிடும். ஆகவே சற்றே மூக்கு தூக்கினாலும் டயர் வெடித்துவிடும் என்று பயமுறுத்துவோர் பேச்சை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஆனால் ஈக்வலைசரின் அசைவுக்கு ஓர் எல்லை உண்டு. நின்ற நிலையிலேயே அதன் ஒரு பகுதி செலவாகிவிட்டால், குழியிலும் மேட்டிலும் ஏறி இறங்கும்போது மிச்சம் போதாமல் அது முட்டும், ஒரு அச்சு மட்டும் முழுச்சுமையையும் தாங்கும். மேலும், அச்சுகளுக்குப் பின்னால் 11 அடி நீளும் வால் பகுதி அதே கணக்கின்படி 2 அங்குலம் தாழ்ந்திருக்கும். பெட்ரோல் நிலையங்களின் சரிவான நுழைவாயிலில் பின் பம்பர் தரையில் உரசுவது இதனால்தான்.

ரப்பர் தண்டுகளைக் கொண்ட டார்ஷன் அச்சுகள் உள்ள டிரெய்லர்களின் கதை வேறு. அவற்றில் ஈக்வலைசர் கிடையாது. ஒவ்வொரு அச்சும் தனித்தனியாக நிற்கிறது. அந்த அரை அங்குல வேறுபாடு நேரடியாகப் பின் அச்சின் கூடுதல் சுமையாக மாறும். உங்கள் டிரெய்லரில் டார்ஷன் அச்சு இருந்தால், மட்டத்தை நீங்கள் இன்னும் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும்.

விட்டுக்கொடுக்கக் கூடாத ஆறு அங்குலம்

மூக்கைத் தாழ்த்துவது எளிது. தாழ்த்தினால் எதில் இடிக்கும் என்பதே கேள்வி. பிக்கப் பெட்டிக்கு மேலே நீண்டு நிற்கும் டிரெய்லரின் முன்தொங்கலின் அடிப்பகுதிக்கும் பிக்கப் பெட்டியின் பக்கச் சுவரின் மேல்விளிம்புக்கும் இடையே குறைந்தது ஐந்தரை முதல் ஆறு அங்குலம் வெளி இருக்க வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட விதி. இது வெறும் முன்னெச்சரிக்கைக்காகச் சொல்லப்பட்ட எண் அல்ல. ஒரு மேட்டின் உச்சியைக் கடக்கும்போது பிக்கப் முன்பக்கமாகச் சாய, டிரெய்லர் இன்னும் ஏறிக்கொண்டே இருக்கும். இரண்டுக்கும் இடையே 5 பாகை வேறுபாடு ஏற்பட்டால், கிங்பின்னுக்கு 50 அங்குலம் பின்னாலுள்ள பெட்டியின் கடைமூலை டிரெய்லரை நோக்கி 4 அங்குலத்துக்கும் மேல் நெருங்கிவிடும். வீட்டு வாயிற்பாதையில் கோணலாக ஏறும்போது பிக்கப் ஒரு பக்கம் சாய்வதும் இதனோடு சேர்ந்தால், ஆறு அங்குலம் எவ்வளவு விரைவில் தீர்ந்துபோகும் என்பது விளங்கும். பெட்டியின் விளிம்பு ஒருமுறை நசுங்கினால் செலவு ஆயிரக்கணக்கான டாலரில் முடியும்.

எனவே மட்டமா, வெளியா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை வந்தால், வெளியையே தேர்ந்தெடுங்கள் என்பது என் உறுதியான கருத்து. ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் மூக்கு தூக்கி நிற்பதை லீஃப் ஸ்பிரிங் டிரெய்லர் பொறுத்துக்கொள்ளும். பெட்டியின் விளிம்பு பொறுத்துக்கொள்ளாது.

முதற்படி: அளவெடுத்தல்

ஸ்பேனரைத் தொடுமுன் அளவுநாடாவை எடுங்கள். பெரும்பாலான கார் நிறுத்துமிடங்கள் மழைநீர் வடிவதற்காகச் சரிவாகக் கட்டப்பட்டவை என்பதால், கண்ணுக்கு மட்டமாகத் தெரியும் தரையை நம்ப வேண்டாம். பிக்கப்பை ஒரு திசையில் நிறுத்தி முன்னும் பின்னும் உயரங்களை அளந்து, பிறகு அதே இடத்தில் எதிர்த்திசையில் திருப்பி நிறுத்தி மீண்டும் அளந்தால், தரையின் குற்றம் தானே வெளிப்படும்.

பயணத்தின்போது இருக்கும் அதே சுமையோடு அளப்பது அவசியம். எரிபொருள் தொட்டி நிறைந்திருக்க வேண்டும். கருவிப்பெட்டி, விறகு, தண்ணீர், டிரெய்லருக்குள் வழக்கமாக ஏற்றும் பொருட்கள் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும். டயர்களில் காற்றழுத்தம் குளிர்ந்த நிலையில் சரியாக இருக்கட்டும்.

டிரெய்லரைக் கழற்றி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்கால்களின் உதவியால் மட்டமாக நிறுத்துங்கள். ரசமட்டத்தை வீட்டின் தரையிலோ குளிர்பெட்டியின் மேலோ வைத்துப் பார்ப்பது போதாது. கீழ்ச்சட்டகத்தின் முன்முனையிலும் பின்முனையிலும் தரையிலிருந்து உயரத்தை அளந்து, இரண்டும் சமமாகும் வரை கால்களை ஏற்றி இறக்குங்கள். அந்த நிலையில், பிக்கப்பின் பெட்டி விளிம்புக்கு மேலே வரும் இடத்தில் முன்தொங்கலின் அடிப்பகுதி தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் உள்ளது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு டிரெய்லரைப் பிக்கப்பில் மாட்டி, முன்கால்களை முழுவதும் தூக்கிவிட்டு, சிறிது தூரம் ஓட்டிவந்து நிறுத்திய பின், சுமையால் தாழ்ந்த நிலையில் பெட்டி விளிம்பின் உயரத்தை அளவெடுங்கள். பிக்கப் வெறுமையாக நின்றதைவிட இரண்டு மூன்று அங்குலம் அமுங்கியிருப்பது இயல்பு. உற்பத்தியாளர்கள் பின்பக்கத்தை உயர்த்தி வைப்பதே இந்த அமுங்கலுக்காகத்தான்.

இப்போது ஒரே ஒரு கழித்தல். மட்டமான டிரெய்லரின் தொங்கல் உயரத்திலிருந்து சுமையேறிய பெட்டி விளிம்பின் உயரத்தைக் கழியுங்கள். வரும் விடை 6 அங்குலமோ அதற்கு மேலோ இருந்தால், ஹிட்ச்சையும் பின் பாக்ஸையும் நகர்த்தியே மட்டத்தை அடையலாம், வேறு செலவில்லை. விடை அதற்குக் குறைவாக இருந்தால், குறைகின்ற அளவை டிரெய்லரை உயர்த்தியோ பிக்கப்பைத் தாழ்த்தியோதான் பெற முடியும். ஹிட்ச்சில் எத்தனை துளைகள் இருந்தாலும் இந்தக் கணக்கை அவை மாற்றா. இந்தக் கழித்தலைச் செய்யாமல் ஹிட்ச்சை முதலில் கழற்றுபவர்கள்தான் மூன்று முறை கழற்றி மாட்டுகிறார்கள்.

எடுத்துக்காட்டாக, தொங்கலின் உயரம் 60½ அங்குலம், சுமையேறிய விளிம்பின் உயரம் 55½ அங்குலம் என்றால் விடை 5. இப்போது மாட்டிய நிலையில் வெளி 9 அங்குலமாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், டிரெய்லர் 4 அங்குலம் மூக்கு தூக்கி நிற்கிறது என்று பொருள். ஹிட்ச்சையும் பின் பாக்ஸையும் நகர்த்தி 3 அங்குலம் இறக்கலாம்; வெளி 6 ஆகும்; எஞ்சும் ஓர் அங்குலச் சரிவோடு நிறுத்திக்கொள்வதே அறிவு.

இரண்டாம் படி: ஹிட்ச்சும் பின் பாக்ஸும்

பெரும்பாலான ஹிட்ச்சுகளின் தலைப்பகுதி, பக்கத் தூண்களில் உள்ள துளைகளின் வழியே ஏறி இறங்கும்படி அமைந்திருக்கும். மூக்கைத் தாழ்த்த அதைக் கீழ்த்துளைக்கு மாற்ற வேண்டும். தலை பாரமானது என்பதால் இருவர் சேர்ந்து செய்வது நல்லது. இறக்கிய பின், தலை முன்னும் பின்னும் முழுமையாக ஆடும்போது அடிச்சட்டத்திலோ பெட்டியின் தளத்திலோ தட்டுகிறதா என்று கையால் ஆட்டிப் பாருங்கள்.

பின் பாக்ஸ் விஷயத்தில் திசையைப் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். பின் பாக்ஸை டிரெய்லரின் சட்டகத்தில் மேலே நகர்த்தினால் கிங்பின் டிரெய்லரை ஒப்பிட மேலே போகிறது. ஹிட்ச்சின் உயரம் மாறாததால் டிரெய்லரின் மூக்கு கீழே இறங்குகிறது. கீழே நகர்த்தினால் மூக்கு ஏறும். வேலையைத் தொடங்குமுன் டிரெய்லர் தன் முன்கால்களில் உறுதியாக நிற்க வேண்டும். பிக்கப் விலகியிருக்க வேண்டும். பின் பாக்ஸின் அடியில் மரக்கட்டை வைத்த ஜாக்கி ஒன்று அதன் எடையைத் தாங்கியிருக்க வேண்டும். இரு பக்கப் போல்ட்டுகளையும் கழற்றி, ஜாக்கியால் மெல்ல உயர்த்தி, அடுத்த துளைகளுக்கு நேராக்கி, எத்தனை போல்ட்டுகள் இருந்தனவோ அத்தனையையும் மீண்டும் போடுங்கள். மேல் நிலையில் ஒரு துளை சட்டகத்துக்கு வெளியே போய்விடுகிறது, ஒரு போல்ட் குறைவாகத்தான் போட முடியும் என்றால் அந்த நிலை உங்களுக்கு உரியதன்று. இறுக்க வேண்டிய அளவு பின் பாக்ஸின் பக்கவாட்டு ஒட்டுத்தாளிலோ கையேட்டிலோ இருக்கும். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் கைப்பழக்கத்தை நம்பி இறுக்க வேண்டாம். முதல் 100 மைல் ஓடியபின் மீண்டும் ஒருமுறை இறுக்கத்தைச் சரிபாருங்கள்.

மூன்றாம் படி: டயர்கள்

குறைவு ஓர் அங்குல அளவில் இருந்தால், பெரிய டயர் எளிய தீர்வு. டிரெய்லர்களுக்கென்றே செய்யப்படும் எஸ்டி (ST) வகையில், எஸ்டி225/75ஆர்15 டயரின் விட்டம் ஏறத்தாழ 28.3 அங்குலம், எஸ்டி235/80ஆர்16 டயரின் விட்டம் ஏறத்தாழ 30.8 அங்குலம். அச்சின் மையம் விட்ட வேறுபாட்டில் பாதி, அதாவது ஒன்றேகால் அங்குலம் உயரும். ஆனால் இரண்டு அச்சுகளின் டயர்களுக்கு இடையிலான வெளி முழு இரண்டரை அங்குலம் குறையும். சக்கரக் குழியின் மேற்பகுதியிலும் உரசும் வாய்ப்பு உண்டு. ஸ்பிரிங் முழுவதும் அமுங்கும்போது டயர் எங்கே போகும் என்பதை அளந்த பிறகே வாங்குங்கள். 16 அங்குல ரிம்களும், அதே அளவிலான ஒரு மாற்றுச் சக்கரமும் வேண்டியிருக்கும். புது டயர் அதிக எடை தாங்கும் என்பதால் அச்சின் தாங்கும் அளவு கூடிவிடாது. விட்டம் கூடியதால் பிரேக்கின் பிடி சுமார் எட்டு விழுக்காடு குறையும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

நான்காம் படி: அச்சுக்கு மேலே ஸ்பிரிங்

பெட்டி விளிம்பு 58½ அங்குலத்தில் நிற்கும் பிக்கப்பில் மேற்சொன்ன அதே டிரெய்லரை மாட்டினால் கழித்தலின் விடை 2 மட்டுமே. நான்கு அங்குலக் குறைவைத் துளைகளாலும் டயர்களாலும் நிரப்ப முடியாது. இங்கேதான் ஸ்பிரிங்கின் இடத்தை மாற்றும் வேலை வருகிறது. பல டிரெய்லர்களில் லீஃப் ஸ்பிரிங் அச்சுக் குழாயின் அடியில் கட்டப்பட்டிருக்கும். அதை அச்சுக்கு மேலே கொண்டுவந்தால், குழாயின் 3 அங்குல விட்டமும் ஸ்பிரிங் அடுக்கின் தடிமனும் சேர்ந்து டிரெய்லர் ஏறத்தாழ 5 அங்குலம் உயரும்.

இந்த வேலைக்குப் பேச்சுவழக்கில் அச்சைப் புரட்டுதல் என்று பெயர் இருந்தாலும், அச்சை உண்மையில் புரட்டவே கூடாது. அச்சுக் குழாய் நேர்கோடு அன்று. சுமை ஏறும்போது நேராகும்படி அதன் நடுப்பகுதி சற்றே மேல்நோக்கி வளைக்கப்பட்டிருக்கிறது. தலைகீழாக்கினால் அந்த வளைவு எதிர்த்திசையில் வேலை செய்து டயர்களின் உள்விளிம்பைச் சில ஆயிரம் மைல்களில் தேய்த்துவிடும். சரியான முறை, அச்சை இருந்தபடியே வைத்துக்கொண்டு, ஸ்பிரிங் உட்காரும் புதிய இருக்கைகளைக் குழாயின் மேற்பக்கத்தில் பற்றவைப்பதுதான். டெக்ஸ்டர் போன்ற அச்சுத் தயாரிப்பாளர்கள் இதற்கென்றே உதிரித் தொகுப்புகளை விற்கிறார்கள். ஏற்கெனவே ஸ்பிரிங் மேலே இருக்கும் டிரெய்லர்களுக்கு இந்த வழி இல்லை. அவற்றில் சட்டகத்துக்கும், ஸ்பிரிங்கைத் தாங்கிப் பிடிக்கும் ஹேங்கர்களுக்கும் நடுவே இரும்புக் குழாய்ச் சட்டம் ஒன்றைப் பற்றவைத்து உயர்த்துவார்கள். அப்போது குறுக்குத் தாங்கிகள் கட்டாயம் வேண்டும். இல்லையென்றால் திருப்பங்களில் பக்கவாட்டு விசையால் ஹேங்கர்கள் மடங்கும்.

பற்றவைப்பில் தேர்ச்சி இல்லாதவர் இதைத் தாமே செய்யத் துணிய வேண்டாம். வேலையைப் பட்டறையில் கொடுத்தாலும் சிலவற்றை நீங்களே கவனியுங்கள். டிரெய்லரை அச்சில் ஜாக்கி வைத்துத் தூக்கக் கூடாது, சட்டகத்தில் வைத்தே தூக்க வேண்டும். தூக்கிய பின் எடை ஜாக்கியில் அன்றி உறுதியான நிலைத்தாங்கிகளில் நிற்க வேண்டும். அச்சையும் ஸ்பிரிங்கையும் சேர்த்துக் கட்டும் யு-போல்ட்டுகளை ஒருமுறை இறுக்கிக் கழற்றிய பின் மீண்டும் பயன்படுத்தக் கூடாது. பிரேக்கை இயக்கும் மின்காந்தங்களுக்குச் செல்லும் கம்பிகள் புதிய உயரத்துக்குப் போதிய தொய்வோடு இருக்க வேண்டும். வேலை முடிந்தபின் அச்சுகள் கோணாமல் ஒன்றுக்கொன்று இணையாக உள்ளனவா என்று, கிங்பின்னிலிருந்து முன் அச்சின் இரு முனைகளுக்கும், பிறகு இரு பக்கங்களிலும் முன் அச்சிலிருந்து பின் அச்சுக்கும் நாடா பிடித்துப் பார்க்க வேண்டும்.

உயரத்தின் விலையையும் கணக்கில் எடுக்க வேண்டும். அமெரிக்காவின் பல மாநிலங்களில் வாகனங்களின் உயர வரம்பு 13 அடி 6 அங்குலம், மேற்கு மாநிலங்கள் பலவற்றில் 14 அடி, கனடாவில் 4.15 மீட்டர். கூரையிலுள்ள ஏசி இயந்திரத்தோடு 13 அடி 2 அங்குலம் நின்ற டிரெய்லர் 5 அங்குலம் உயர்ந்தால் முதல் வரம்பைத் தாண்டிவிடும். மூக்கு இறங்குவதால் முன்பகுதியின் உயரம் அவ்வளவு கூடாது என்றாலும், உச்சியை மீண்டும் அளந்து, அந்த எண்ணை ஓட்டுநர் கண்ணில் படும் இடத்தில் எழுதி ஒட்டுங்கள். எடையின் மையம் உயர்வதால் பக்கக்காற்றில் ஆட்டம் கூடும். வயோமிங் மாநிலத்தில் 80ஆம் எண் இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலையில் ஒரு காற்றடிக்கும் நாளில் சென்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வாசற்படியும் உயர்ந்துவிடும் என்பதால், வீட்டில் முதியவர்கள் இருந்தால் கூடுதலாக ஒரு படி தேவைப்படும்.

பிக்கப்பைத் தாழ்த்துவது

பிக்கப்பின் பின் அச்சுக்கும் லீஃப் ஸ்பிரிங்குக்கும் நடுவே உற்பத்தியாளர் வைத்த இரும்புக் கட்டை இருந்தால், அதைவிடக் குறைந்த உயரமுள்ள கட்டையை, அதற்கேற்ற புதிய யு-போல்ட்டுகளோடு போட்டு ஓரிரு அங்குலம் இறக்கலாம். சுமை ஏறியபின் பிக்கப்பின் பின்பக்கம் முன்பக்கத்தைவிடத் தாழ்ந்துவிடக் கூடாது என்பதே இதன் எல்லை. தாழ்ந்தால் முன்சக்கரங்களில் பிடி குறைந்து, முகப்பு விளக்குகள் எதிரே வருபவரின் கண்ணைக் கூசச்செய்யும். 2014 முதல் வந்த ராம் 2500 வகையில் பின்பக்கம் சுருள் ஸ்பிரிங் என்பதால் இந்தக் கட்டை முறை அதற்குப் பொருந்தாது. காற்றுப்பைகளைச் சேர்த்தால் மட்டம் வந்துவிடும் என்று கடைகளில் சொல்வார்கள். காற்றுப்பை பிக்கப்பின் பின்பக்கத்தைத் தூக்கும், ஆகவே மூக்கு தூக்கிய டிரெய்லருக்கு அது நேர் எதிரான மருந்து.

சரிபார்த்தல்

எந்த மாற்றத்துக்குப் பிறகும் எல்லா அளவுகளையும் மாட்டிய நிலையில் மீண்டும் எடுங்கள். சட்டகத்தின் முன்பின் உயர வேறுபாட்டைப் பாருங்கள். பெட்டி விளிம்பின் நான்கு மூலைகளிலும் வெளியை அளவெடுங்கள். ஈக்வலைசர் ஏறத்தாழக் கிடையாக நிற்கிறதா என்று குனிந்து நோக்குங்கள். பிரேக்கைத் தானே இயக்கும் அவசரக் கம்பியும் மின்கம்பியும் புதிய உயரத்தில் இழுபடாமல் உள்ளனவா என்றும் பாருங்கள். டிரெய்லரை உயர்த்தியிருந்தால் முன்கால்கள் தரையை எட்டுமா என்பதை முகாமில் அன்றி வீட்டு வாசலிலேயே அறிந்துகொள்ள வேண்டும்.

சக்கரங்களைக் கழற்றியிருந்தால் 10, 25, 50 மைல்களில் நட்டுகளை மீண்டும் இறுக்குங்கள். அரை அங்குலத் திருகுகளுக்கு 90 முதல் 120 அடி-பவுண்டு வரை உரிய அளவு. பிறகு லாரிகள் நிற்கும் ஓய்விடங்களில் உள்ள கேட் (CAT) நிறுவன எடைமேடை ஒன்றில் முழுச்சுமையோடு நிறுத்தி, பிக்கப்பின் முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லரின் அச்சுகள் ஆகிய மூன்று எடைகளையும் பெற்று, பிக்கப்பின் எடைகளை ஓட்டுநர் கதவுச் சட்டத்திலுள்ள ஒட்டுத்தாளோடும், டிரெய்லரின் எடையை டிரெய்லரிலுள்ள ஒட்டுத்தாளோடும் ஒப்பிடுங்கள். கடைசியாக, நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு, தொடாமலே வெப்பம் அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானியைத் துப்பாக்கிபோல் நீட்டி டிரெய்லரின் நான்கு டயர்களையும் அளவெடுங்கள். வெயில் படும் பக்கம் சற்றுச் சூடாக இருப்பது இயல்பு. ஆனால் ஒரே பக்கத்தில் பின் டயர் முன் டயரைவிடத் தெளிவாகச் சூடாக இருந்தால், காற்றழுத்தத்தையும் பிரேக்கையும் பார்த்தபின், சுமை இன்னும் பின் அச்சிலேயே தங்குகிறதா என்று முதல் அளவிலிருந்து தொடங்குங்கள்.